ஜெனரேட்டருக்காக வீட்டில் எரிவாயுத் தொட்டி புதைக்கலாமா? (மடிப்பாக்கம், தனி வீடு)

மடிப்பாக்கத்தார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனையில் கட்டிய தனி வீட்டில் நானும் என் மனைவியும் வசித்து வருகிறோம். சென்ற ஆண்டிலிருந்து மனைவிக்கு இரவு முழுவதும், சில நாட்களில் பகலிலும், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாட்களுக்கு மேல் மின்சாரம் இல்லை. வீட்டிலிருந்த இன்வெர்ட்டர் முதல் நாள் மாலையே ஓய்ந்துவிட்டது. அப்போது இந்தக் கருவி எங்களுக்குத் தேவைப்படவில்லை என்பதால் மெழுகுவர்த்தியோடு சமாளித்தோம். இனி அப்படிச் சமாளிக்க முடியாது.

ஹூஸ்டனில் இருக்கும் என் மகன் தன் வீட்டுத் தோட்டத்தில் 500 காலன் புரொபேன் தொட்டியைப் புதைத்து, 22 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்றை அதனுடன் இணைத்திருக்கிறான். 2024 ஜூலையில் பெரில் சூறாவளிக்குப் பின் அவன் பேட்டை முழுவதும் இருட்டில் கிடந்தபோது அவன் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்ததாம். “அங்கேயும் அதையே செய்துவிடுங்கள் அப்பா, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான். பெட்ரோலை வாங்கி வைத்தால் சில மாதங்களில் கெட்டுவிடுகிறது, வெள்ளம் வந்தால் பங்க்கிற்குப் போகவும் முடியாது, டீசல் என்றால் சத்தமும் புகையும் அதிகம். எரிவாயு எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் கெடாது என்பதால் எனக்கும் அந்த யோசனை பிடித்திருக்கிறது.

இப்படிப்பட்ட தொட்டியை நம் ஊரில் வீட்டில் வைக்க முடியுமா, முடியும் என்றால் எந்த அளவு, யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். தெருமுனையில் ஜெனரேட்டர் பழுது பார்ப்பவர், “தொட்டியெல்லாம் எதற்கு சார், பெட்ரோல் ஜெனரேட்டரை எரிவாயுவில் ஓட வைக்கும் ஒரு கிட் போட்டு அடுப்பங்கரை சிலிண்டரையே மாட்டிவிடலாம்” என்கிறார். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை.


கேட்டி டெக்சாஸ் எழுதியது:

ஐயா, நான் நங்கநல்லூரில் வளர்ந்து, இப்போது உங்கள் மகன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பவன். எங்கள் வீட்டிலும் அதே 500 காலன் தொட்டிதான். அதனால் அது என்ன, அதற்கு என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

500 காலன் என்பது ஏறக்குறைய 1,890 லிட்டர். திரவம் வெப்பத்தில் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதம், அதாவது 400 காலன்தான் நிரப்புவார்கள். 22 கிலோவாட் ஜெனரேட்டர் பாதி லோடில் மணிக்குச் சுமார் இரண்டரை காலன் குடிக்கும் என்பதால், முழுத் தொட்டி ஆறு நாட்களுக்கு மேல் தாங்கும். குழி தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால் நிலத்தடிக் கம்பிகளையும் குழாய்களையும் குறித்துக் கொடுப்பார்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தாங்கள் அரித்துப்போகும் மெக்னீசிய அனோடுகளை (உலோகக் கட்டிகள்) கம்பியால் அதனுடன் இணைத்துப் புதைக்கிறார்கள். தொட்டியின் தலையில் ஒரு ரெகுலேட்டரும் வீட்டுச் சுவரில் இன்னொன்றும் வைத்து, அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விட உங்களுக்கு முக்கியமானது இடைவெளி. இங்கே பின்பற்றப்படும் விதியின்படி 125 முதல் 500 காலன் வரையிலான தொட்டி, புதைத்தாலும் சரி, தரைக்கு மேல் வைத்தாலும் சரி, கட்டடத்திலிருந்தும் அண்டை மனையின் எல்லையிலிருந்தும் 10 அடி தள்ளியிருக்க வேண்டும். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடிதான். வீட்டைச் சுற்றி நம் ஊரில் விடுகிற இடைவெளி எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். இருபுறமும் 10 அடி விட்டு நடுவில் தொட்டியை வைக்க வேண்டுமென்றால் வீட்டைத்தான் இடிக்க வேண்டியிருக்கும். அமெரிக்க விதிப்படியே உங்கள் மனையில் அது வைக்க முடியாத பொருள் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். இந்திய விதியைப் பேச வேண்டிய தேவையே வராது.


பழைய பிளான்ட்காரன் எழுதியது:

எரிவாயு நிரப்பும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி சொன்னது முற்றிலும் சரி. இருந்தாலும் இந்திய விதியையும் பேசிவிடுவோம், ஏனென்றால் சிறிய தொட்டியாவது வைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும்.

நம் நாட்டில் 1,000 லிட்டர் கொள்ளளவு வரை உள்ள கலன் சிலிண்டர் எனக் கருதப்பட்டு 2016 ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வரும். அதற்கு மேற்பட்டது அழுத்தக் கலன். அதற்கு வேறு விதிகள், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம், வேலி, இடைவெளி, காலமுறைச் சோதனை என்று பெரிய பட்டியலே இருக்கிறது. உரிமமே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும், தொழிற்சாலைகளுக்கு மொத்தமாக எரிவாயு கொண்டுபோகும் டேங்கர் மடிப்பாக்கத்தின் குறுக்குத் தெருவில் திரும்பி வந்து உங்கள் வீட்டுக்கு நிரப்பித் தரும் ஏற்பாடு இங்கே இல்லை. அமெரிக்காவில் அந்த வண்டிதான் இந்த முறையின் உயிர்.

அதோடு உங்கள் பகுதியின் நிலத்தடி நீரை மறந்துவிடக் கூடாது. 500 காலன் தொட்டியின் இரும்பு எடை சுமார் 430 கிலோ, உள்ளே நிரம்பும் புரொபேன் சுமார் 770 கிலோ, இரண்டும் சேர்ந்து 1,200 கிலோ. அது முழுவதும் நீரில் மூழ்கினால் விலக்கும் நீரோ 1,900 கிலோவுக்கு மேல். அதாவது முழுக்க நிரப்பிய தொட்டியே நீரில் மிதக்கும். காலித் தொட்டியைக் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மண்ணில், மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினால் ஊற்று வரும் இடத்தில், கான்கிரீட் பாளமும் பட்டையும் போட்டுக் கட்டாமல் அதைப் புதைத்தால் அது ஒரு நாள் குழாயை முறித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

இனி உங்கள் தெருமுனை மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே உரியது. 2000 ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணைப்படி அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது குற்றம். அது அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட ஆணை. ஜெனரேட்டருக்கு விநியோகஸ்தரிடம் வணிக இணைப்பு கேட்டு, 19 கிலோ சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வீட்டில் மொத்தம் 100 கிலோ வரை எல்பிஜி வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அடுப்பங்கரையில் இரண்டு 14.2 கிலோ, ஜெனரேட்டருக்கு மூன்று 19 கிலோ என்று வைத்தால் 85.4 கிலோதான் ஆகிறது.

உங்கள் மகன் வாங்குவது குறைந்தது 90 சதவீதம் புரொபேன். நமக்கு வருவது புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. புரொபேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ஜியத்திலேயே கொதிப்பதை நிறுத்திவிடும். சென்னை வெயிலில் இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். வேகமாக எடுத்தால் பொருட்டுதான். ஒரு கிலோ திரவம் ஆவியாகச் சுமார் 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் வர வேண்டும். மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடுக்கத் தொடங்கினால் ஒற்றைச் சிலிண்டர் குளிர்ந்துபோய் அழுத்தம் சரியும். திரவம் குறையக் குறைய நனைந்த சுவரின் பரப்பும் குறைவதால், பாதி காலியான பிறகு நிலைமை இன்னும் மோசமாகும். எத்தனை கிலோ கையிருப்பு என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். மணிக்கு எத்தனை கிலோ ஆவியாகி வெளியே வரும் என்பதை யாரும் கேட்பதில்லை.


வேளச்சேரி வாசி எழுதியது:

ஐயா, மேலே பெரியவர் சொன்னதைக் கண்ணால் பார்த்தவள் நான் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை ஒற்றை 19 கிலோ சிலிண்டரில் ஓட்டிக்கொண்டிருந்தோம். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறிகளும் மட்டும் ஓடியவரை ஒரு குறையும் இல்லை. மிக்ஜாமின் இரண்டாம் நாள், மாமியாருக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று ஒன்றரை டன் ஏசியையும் போட்டோம். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்ஜினின் சத்தம் மூச்சிரைப்பது போல ஏறி இறங்கத் தொடங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு போலச் சிலிண்டரின் கீழ்ப்பாதி முழுவதும் வியர்த்து நீர் வழிந்துகொண்டிருந்தது; மேல்பாதி காய்ந்திருந்தது. அந்த ஈரக்கோடு எங்கே முடிகிறதோ அதுவரைதான் உள்ளே திரவம் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உதவிக்கு வந்த ஒருவர் கல்யாணப் பந்திச் சமையல்காரர்கள் செய்வது போல அண்டாவில் சுடுநீர் ஊற்றி அதில் சிலிண்டரை நிறுத்தலாம் என்றார். இன்னொருவர் சிலிண்டரைப் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்றார். நல்ல வேளையாக என் கணவர் இரண்டையும் மறுத்துவிட்டு ஏசியை நிறுத்தினார். பத்தே நிமிடத்தில் இன்ஜின் சீரானது.

மிதப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் கட்டாமல் வைத்திருந்த முழுச் சிலிண்டர், சீல்கூடப் பிரிக்காதது, முதல் நாள் இரவே மிதந்து போய்க் கேட்டில் இடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை யாரோ கதவைத் தட்டுவதாகத்தான் நாங்கள் நினைத்தோம்.


பழைய பிளான்ட்காரன் எழுதியது:

அம்மா சொன்னதில் ஆச்சரியமே இல்லை. 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், இரும்பும் எரிவாயுவும் சேர்ந்து சுமார் 30 கிலோ, அது விலக்கும் நீர் 35 கிலோ. 19 கிலோ சிலிண்டருக்கும் கணக்கு ஏறக்குறைய அப்படியே வரும். நிரம்பியது மூழ்கும், காலியானதுதான் மிதக்கும் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள்.

அண்டாவும் வேண்டாம், படுக்க வைக்கவும் வேண்டாம். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வரும். அது ரெகுலேட்டரைத் தாண்டி இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. இதற்கு நேர்மையான தீர்வு, இரண்டு சிலிண்டர்களை ஒரு மேனிஃபோல்டில், அதாவது பல சிலிண்டர்களை ஒரே குழாயோடு இணைக்கும் அமைப்பில், சேர்த்து ஒரே நேரத்தில் இரண்டிலிருந்தும் எடுப்பதுதான். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் குழாய் வழியாக எரிவாயு தருவதும் இப்படி வரிசையாக நிறுத்திய சிலிண்டர்களிலிருந்துதான்.

கார் நிறுத்துமிடம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எல்பிஜி ஆவி காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலத் தரையில் ஓடிப் பள்ளத்தைத் தேடும். சென்னை வீட்டில் பள்ளம் என்றால் அது சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. சம்ப் மூடியின் இடுக்கு வழியாக இறங்கி அங்கே தேங்கும் ஆவியில், காற்றில் இரண்டு சதவீதம் சேர்ந்தாலே போதும், சம்ப் மோட்டாரின் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் சிலிண்டர்களைக் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தின் உள்ளே வைக்காதீர்கள். சம்ப் மூடி, சாக்கடைத் தொட்டி, ஜெனரேட்டர் ஆகிய மூன்றிலிருந்தும் குறைந்தது 3 மீட்டராவது தள்ளி, மேலே தகரக் கூரை மட்டும் போட்டு, பக்கங்களைத் திறந்தபடி விட்ட இடத்தில் வைக்கச் சொல்வேன். கசிவு காட்டும் கருவி மாட்டினால் அதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மாட்டுங்கள். கூரையில் மாட்டிய கருவி எல்பிஜிக்கு உதவாது. எரிவாயுவில் நாற்றத்துக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் எல்லோருக்கும் எட்டும்தான், ஆனால் நம் வயதில் மூக்கை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.


சேஞ்ச்ஓவர் எழுதியது:

நான் மின் ஒப்பந்ததாரர். எரிவாயுவைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், லோடைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 22 கிலோவாட் என்பது அந்த ஊரில் வீடு முழுவதும் குளிரூட்டுவதற்கான கணக்கு. ஐயாவுக்குத் தேவையானதைப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட். நாள் முழுவதும் ஓடினால் 8.4 யூனிட். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்றரை யூனிட், சிக்கன மின்விசிறிகள் மூன்றுக்கு இரண்டுக்குள், விளக்கு, போன், மோடம் எல்லாவற்றுக்கும் ஒன்று, தண்ணீர் மோட்டாருக்கு அரை யூனிட். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 13 யூனிட்தான்.

இதை ஜெனரேட்டரை 24 மணி நேரமும் ஓட விட்டு எடுப்பது வீண். இரவில் 450 வாட்டுக்காக 5 கேவிஏ இன்ஜினை ஓட்டினால் அது தன்னைத் தானே சுற்றிக்கொள்வதற்கே பாதி எரிவாயுவைச் செலவழிக்கும், அக்கம்பக்கத்தார் தூக்கமும் கெடும். என் பரிந்துரை, 5 கிலோவாட்மணி (அதாவது 5 யூனிட்) அளவுள்ள லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் முதலில். ஜெனரேட்டர் அதற்கு ஊட்டுவதற்காக மட்டும். இரவு பத்து மணி நேரம் பேட்டரி தாங்கும். காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் ஜெனரேட்டரைப் பாதிக்கு மேற்பட்ட லோடில் ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொண்டு, தண்ணீர் ஏற்றுவதையும் அந்த நேரத்திலேயே முடித்துக்கொள்ளலாம். நல்ல லோடில் ஒரு கிலோ எரிவாயுவுக்கு ஏறக்குறைய இரண்டரை யூனிட் கிடைக்கும் என்பதால், பேட்டரியில் வீணாவதையும் சேர்த்து நாளொன்றுக்கு 6 கிலோ. மூன்று சிலிண்டர் ஒன்பது நாள் தாங்கும். எரிவாயு கிலோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட் நாற்பது ரூபாய் அடக்கம். புயல் நாட்களுக்கு அது பெரிதில்லை, தினசரி மின்வெட்டுக்கென்றால் பேட்டரியே போதும்.

ஜெனரேட்டர் வாங்கும்போது ஆலையிலேயே எல்பிஜிக்கும் சேர்த்துச் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். எரிவாயுவில் ஓட்டும்போது பெட்ரோலில் கிடைப்பதை விடப் பத்து சதவீதம் போல சக்தி குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில், ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். பிளக்கைத் தலைகீழாகச் செய்து சுவர்ச் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் திரும்பிப் போய், ஈபி லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி வேலை பார்க்கும் லைன்மேன் கையில் இறங்கும். நியூட்ரலும் சேர்ந்து மாறும் ஸ்விட்சாக இருக்கட்டும்.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரை மாஸ்க்கோடு வீட்டில் வாங்கி வையுங்கள். ஜெனரேட்டர் கிளம்பாத அன்றைக்கு அது ஒன்றுதான் மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும். அதை எரிவாயுச் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.


மடிப்பாக்கத்தார் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மகனிடம் பத்தடி இடைவெளியைச் சொன்னதும் அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் பேட்டரிக்குப் பணம் அனுப்புகிறேன்” என்றான். ஆக்சிஜன் சிலிண்டருக்கு இன்று காலையே சொல்லிவிட்டேன். மெக்கானிக்கிடம் கிட் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவருக்குச் சற்று வருத்தம்தான்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. 2023இல் தண்ணீர் நின்ற கோடு எங்கள் மதில் சுவரில் இன்னும் அழியாமல் இருக்கிறது; டேப் வைத்து அளந்தேன், தரையிலிருந்து 3 அடி 4 அங்குலம். வீட்டின் பின்புறம், சம்ப்பிலிருந்து பதினான்கு அடி தள்ளி இடம் இருக்கிறது. அங்கே 4 அடி உயர மேடை கட்டிச் சிலிண்டர்களை நிறுத்தினால் போதுமா? ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமா?


பழைய பிளான்ட்காரன் எழுதியது:

4 அடி மேடை போதும், ஆனால் 19 கிலோ சிலிண்டர் முழுசாக ஏறக்குறைய 38 கிலோ எடை இருக்கும். சிலிண்டர் போடவரும் பையன் அதை நெஞ்சளவுக்குத் தூக்கி வைக்க மாட்டான், கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். அதனால் அகலமான படிகள் நான்கு சேர்த்துக் கட்டுங்கள். மேடையிலிருந்து ஜெனரேட்டர் வரை சுவரோடு போகும் இரும்புக் குழாயை விநியோகஸ்தர் அனுப்பும் ஆளைக் கொண்டு போடச் சொல்லுங்கள். கடைசி ஓரிரு அடிக்கு மட்டும் ஆரஞ்சு நிற ஹோஸ் இருந்தால் போதும், அதன் மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்து ஐந்தாண்டுக்குள் மாற்றிவிடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று ஒவ்வொரு சிலிண்டர் மாற்றத்தின்போதும் பாருங்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். எல்பிஜியில் ஓடினாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்; அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. நுரையீரல் சரியில்லாதவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு எதிர்த் திசையில், வேறொரு திறந்த மேடையில் வையுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேனிஃபோல்டில் இல்லாத சிலிண்டரின் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் மேலும் கீழுமாக இரண்டு சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். காலியானதையும் சேர்த்துக் கட்டுங்கள் ஐயா. தண்ணீர் மேடையைத் தொட்டால் முதலில் கிளம்புவது அதுதான்.